வேடந்தாங்கலில் ஒரு நாள் வகுப்பு: பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

சீசன் நேரத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பதினொரு மணி வாக்கில் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். பிள்ளைகள் வரிசையாகக் கரைமேல் நடப்பார்கள், கோபுரத்தில் ஏறுவார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் பேருந்து கிளம்பிவிடும். என்ன பார்த்தாய் என்று கேட்டால் "நிறைய கொக்கு இருந்துச்சு" என்பதுதான் பதிலாக வரும். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதே இடம், அதே பேருந்துச் செலவு, ஆனால் உருப்படியான ஒரு நாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு, தன்னார்வலர்களுக்கு, நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு. நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: வேடந்தாங்கல் என்பது ஒரு கிராமத்தின் பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர் பரப்பு, நடந்தே பார்த்துவிடலாம். அந்தச் சின்ன ஏரிக்குள் தண்ணீர், மரம், பறவை, வயல், ஊர் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிடிப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் போதும், எத்தனை வகைப் பறவை பார்த்தோம் என்ற கணக்கு எப்படியோ போகட்டும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். சரிதான். ஆனால் அந்த ஐந்து மாதமும் ஒரே மாதிரி இருக்காது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகுதான் பறவைகள் கூடு கட்ட ஆரம்பிக்கும். நவம்பர், டிசம்பரில் போனால் குச்சி பொறுக்கி வருவது, இடத்துக்குச் சண்டை போடுவது, கூடு கட்டுவது என்று ஒரே கட்டுமான வேலை. ஜனவரியில் அடைகாப்பவை, குஞ்சு பொரித்தவை, வெளிநாட்டிலிருந்து வந்த வாத்துகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் பாதி வளர்ந்த குஞ்சுகள் கிளை நுனியில் நின்று இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருக்கும்.

முதல் முறை என்றால் ஜனவரி கடைசி வாரத்தைப் பிடியுங்கள். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள், குறிப்பாகக் காணும் பொங்கல் அன்று கரை முழுக்கக் கூட்டமாக இருக்கும், பிள்ளைகளை நிறுத்தி எதையும் காட்ட முடியாது. வார நாள்தான் நல்லது.

மழை பொய்த்த வருடத்தில் ஏரி காய்ந்து கிடக்கும், பறவை பேருக்குத்தான் இருக்கும். ஆகவே தேதி குறிக்கும் முன் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். இந்த விசாரிப்பையே பிள்ளைகளிடம் விட்டால் இன்னும் நல்லது. அக்டோபர் முதல் தினமும் செங்கல்பட்டு மாவட்ட மழைச் செய்தியைப் பார்த்து வகுப்புச் சுவரில் ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். மழைக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

படி 2: அனுமதி, ஆள், வண்டி

பள்ளியாகப் போவதென்றால் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதி வனத்துறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தேதி, பிள்ளைகள் எண்ணிக்கை, எந்த வகுப்பு, வரும் நேரம் இவ்வளவும் இருந்தால் போதும். போனில் பேசும்போது நுழைவுக் கட்டணம், கேமராவுக்குத் தனிக் கட்டணம், கதவு திறக்கும் நேரம் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்க்கும் காவலர்களில் யாராவது பிள்ளைகளிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். அவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை இந்த வருடம் முதலில் உட்கார்ந்தது என்பது வரை அவர்களுக்குத் தெரியும், அந்தத் தகவல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

நாற்பது பிள்ளைகளுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் போடுங்கள். அந்தப் பெரியவருக்குப் பறவை தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பொறுமை இருந்தால் சரி.

வழி: சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் 75, 80 கிலோமீட்டர். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் கரையில் நிற்கலாம். பெற்றோர் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏறப் பறவைகளின் நடமாட்டம் அடங்கிவிடும், காலை இரண்டு மணி நேரத்தைத் தவறவிட்டால் பாதி நாளைத் தவறவிட்ட மாதிரி.

படி 3: போவதற்கு ஒரு வாரம் முன்பு வகுப்பில் செய்ய வேண்டியவை

இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைப்பார்கள். அங்கே போனால் பிள்ளைகளின் காது மூடிவிடும், கண் மட்டும்தான் வேலை செய்யும். பேச வேண்டியதை எல்லாம் இங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

முதலில் பைனாகுலர். ஐந்தாறு பேருக்கு ஒன்று கிடைத்தால் போதும். 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். சின்னக் கைகளுக்கு 8×32 போன்ற எடை குறைந்தது சௌகரியம். பத்து மடங்குக்கு மேல் வாங்காதீர்கள், பிள்ளைகள் கையில் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளி மைதானத்தில் ஒரு மரக்கிளையைக் காட்டிப் பழக்குங்கள். இரண்டு குழலையும் மடக்கிக் கண்ணின் இடைவெளிக்குச் சரிசெய்வது, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குவது, அப்புறம் முக்கியமானது, பறவையை முதலில் வெறும் கண்ணால் பிடித்துக்கொண்டு பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடும் பிள்ளைக்கு இலையும் வானமும்தான் தெரியும். கழுத்துப் பட்டையைப் போடாமல் யாரும் கையில் எடுக்கக் கூடாது, சூரியனைப் பார்க்கவே கூடாது. இந்த இரண்டையும் கண்டிப்போடு சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆறு பறவை. அறுபது வேண்டாம், ஆறே ஆறு: கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா. இந்த ஆறின் அலகை மட்டும் கரும்பலகையில் வரைந்து, இந்த அலகால் என்ன சாப்பிட முடியும் என்று கேளுங்கள். கூழைக்கடாவின் தொங்கும் பை தண்ணீரோடு மீனை அள்ளும். அரிவாள் மூக்கன் சேற்றுக்குள் வளைந்த அலகை விட்டுத் துழாவும். கரண்டிவாயன் தட்டையான அலகைத் தண்ணீருக்குள் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். பாம்புத்தாரா கூர்மையான அலகால் மீனைக் குத்தியே எடுத்துவிடும். நத்தைகுத்தியின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், வாயை மூடினாலும் அது மூடாது. நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுக்க அதற்கு அந்த அலகுதான் கருவி. குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைச் சொல்லிவிட்டுப் போனால் கூட்டில் குஞ்சைப் பார்த்த உடனே பிள்ளைகள் அதன் அலகைத்தான் தேடுவார்கள்.

மூன்றாவது, ஏரியின் படம். கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு நிலம். இந்த ஐந்து சொல்லும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் வரத்துக் கால்வாய் வழியே வருகிறது, கரை பிடித்து வைக்கிறது, மதகைத் திறந்தால் ஆயக்கட்டு நிலத்துக்கு, அதாவது அந்த ஏரியை நம்பிய வயலுக்குப் போகிறது, மிஞ்சினால் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரிக்குப் போகிறது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகள் இப்படித்தான் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன.

நான்காவது, ஊரின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, இனி யாரும் இந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-ல் கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதி, எழுதி வாங்கிவிட்டார்கள். (மதுராந்தகம் ஏரிக்கரையை உடையாமல் ராமர் காத்தார் என்ற ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் கலெக்டரும் இவரேதான். அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏரி உடையுமா என்ற பயம் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரியது என்று புரியும்.) அதற்கு ரொம்பப் பிறகுதான், 1936-ல், அரசாங்கம் இதை முறைப்படி சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. அரசாங்கம் சரணாலயம் என்று அங்கீகரிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலே முன்பே, ஒரு கிராமம் தன் ஏரிக்கு வந்த பறவைகளுக்காக அதிகாரத்தின் வாசலில் போய் நின்றிருக்கிறது. ஏன் நின்றார்கள் என்ற கேள்வியை மட்டும் பிள்ளைகளிடம் போட்டுவிடுங்கள். பதிலை இப்போது சொல்ல வேண்டாம், படி 7-ல் அவர்களுக்கே கிடைக்கும்.

படி 4: பையில் என்ன, பையில் எது கூடாது

தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், கோடு போடாத நோட்டு, நூல் கட்டிய பென்சில், எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ டப்பாவில். பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் உடை. பளிச்சென்ற மஞ்சளும் வெள்ளையும் வேண்டாம், சீருடை வெள்ளை என்றால் அன்று ஒரு நாள் கலர் டிரஸ்ஸுக்கு அனுமதி வாங்கிக்கொடுங்கள். சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் கவர், புளூடூத் ஸ்பீக்கர், விசில் எதுவும் கூடாது. பிள்ளைகள் போனும் வேண்டாம், போட்டோ எடுக்கக் குழுவுக்கு ஒரு பெரியவர் போன் போதும். முதலுதவிப் பெட்டியும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஆசிரியர் பையில் இருக்கட்டும்.

படி 5: கரையில் முதல் அரை மணி நேரம்

வண்டியை விட்டு இறங்கியதும் கழிவறை வேலையை முடித்துவிட்டு நேரே கரைக்குப் போங்கள். கோபுரம் அப்புறம். ஒரு நிழல் பார்த்து எல்லோரையும் உட்கார வைத்து, பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள். மரக்கட்டையை மரக்கட்டையில் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்கும். அது நாரைகள் அலகைத் தட்டிக்கொள்ளும் சத்தம். வளர்ந்த நாரைகளுக்குப் பாட்டும் கூவலும் கிடையாது, இந்தத் தட்டல்தான் அவற்றின் முக்கியமான பேச்சு. ஊடே குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துவது, இறக்கை அடிக்கும் ஓசை, எச்சம் தண்ணீரில் விழும் ஓசை. காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தால் எச்ச வாடையும் வரும். சில பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தட்டும், ஆனால் அந்த வாடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

கண்ணைத் திறந்ததும் பறவைகளைக் காட்டாதீர்கள், மரங்களைக் காட்டுங்கள். தண்ணீருக்குள் இடுப்பளவு, கழுத்தளவு முழுகிக்கொண்டு நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை நீர்க்கடம்பு. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். கருவேல மரங்களும் உண்டு, நம் நாட்டுக் கருவேலம், சீமைக் கருவேலம் அல்ல. இந்த மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால்தான் கீரி, பூனை, நாய் எதுவும் நடந்து வந்து கூட்டை நெருங்க முடிவதில்லை. தண்ணீர் வற்றினால் அந்தக் காவலும் போய்விடும். கூடு கட்டும் பறவைக்கு ஏரியில் தண்ணீர் எதற்கு, மீன் பிடிக்கவா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். பிறகு அந்த மரங்களை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: ஒரு கூடு, ஒரு மணி நேரம்

இந்த நாளின் உயிரே இதுதான். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஒவ்வொரு குழுவும் கரைக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரிகிற ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள், இல்லையென்றால் பறவை வெறும் நிழலுருவாகத்தான் தெரியும். குழுவுக்குள் வேலையைப் பிரித்துக்கொடுங்கள்: ஒருவர் பைனாகுலர், ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் வரைய. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

எழுதுவதற்கு ஒரே விதி. கண்ணால் பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. "அம்மா நாரை பாசமாக இருந்தது" என்று எழுதக் கூடாது. இப்படி எழுதலாம்:

7.40: ஒரு நத்தைகுத்தி நாரை கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. அசையவில்லை.
7.46: இன்னொன்று பச்சை இலையோடு ஒரு குச்சி கொண்டு வந்தது. இரண்டும் அலகைத் தட்டின.
7.48: உட்கார்ந்திருந்தது குச்சியை வாங்கிக் கூட்டின் ஓரத்தில் செருகியது. விழுந்தது. திரும்பச் செருகியது.
7.55: உட்கார்ந்திருந்தது எழுந்து பறந்தது. வந்தது உட்கார்ந்தது. கூட்டில் வெள்ளையாக மூன்று தலை.

இப்படி ஒரு பக்கம் எழுதிய பிள்ளைக்கு, ஆண் பெண் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும், இரண்டும் சேர்ந்துதான் வளர்க்கும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் பதினைந்து நிமிடம் கஷ்டம். "ஒண்ணுமே நடக்கல மிஸ்" என்று வருவார்கள். அந்த நேரத்தில் எதையாவது காட்டிச் சமாதானப்படுத்தலாம் என்று தோன்றும், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இருபதாவது நிமிடத்துக்கு மேல் யாராவது ஒரு பிள்ளை குசுகுசுவென்று எதையோ காட்டும், அதோடு குழு முழுவதும் உள்ளே போய்விடும். வெயில் ஏறும்போது குஞ்சுள்ள கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவுக்கு ஓர் அதிர்ஷ்டம் கிடைக்கலாம்: பெரிய நாரை இறக்கையைப் பாதி விரித்துக்கொண்டு சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அசையாது. அதன் நிழலில் குஞ்சுகள் ஒண்டிக்கொள்ளும். சூரியன் நகர நகர அதுவும் திரும்பிக்கொள்ளும். கூழைக்கடாக் கூடு கிடைத்த குழு என்றால், குஞ்சு தன் தலை முழுவதையும் தாயின் பைக்குள் விட்டு இரை எடுப்பதைப் பார்க்கலாம், பார்க்கிற முதல் தடவை தாய் குஞ்சை விழுங்குகிறது என்றே பிள்ளைகள் பதறிவிடுவார்கள்.

நாரைகள் இரையைக் கூட்டுத் தரையில் கக்கும், குஞ்சுகள் முண்டியடித்துத் தின்னும். பெரிய குஞ்சுக்கு அதிகம், கடைக்குட்டிக்குக் குறைவு. சில கூட்டில் கடைக்குட்டி செத்தும் போகும். பிள்ளைகள் கண்ணில் பட்டால் மறைக்க வேண்டாம். முட்டைகள் ஒரே நாளில் இடப்படுவதில்லை, அதனால் பொரிப்பதும் முன்பின்னாகத்தான் நடக்கும், இரை தாராளமாகக் கிடைக்கும் வருடத்தில் எல்லாம் பிழைக்கும், கிடைக்காத வருடத்தில் சில போகும் என்று நேராகச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் யாரும் தொடக் கூடாது, காவலரைக் கூப்பிடுங்கள். இறகு கிடந்தாலும் எடுக்கக் கூடாது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து அனுமதி இல்லாமல் எதையும் எடுத்து வர முடியாது. எடுக்காமல் வரைந்துகொள்ளலாம், அளந்து எழுதிக்கொள்ளலாம்.

படி 7: மதகும் வயலும்

டிபன் முடித்து, பத்து மணி வாக்கில் எல்லோரும் கரையின் மறுபக்கத்தை, அதாவது ஏரிக்கு முதுகு காட்டி வயலைப் பார்க்க வேண்டும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காலையில் பிள்ளைகள் எழுதிய எச்ச வாடையை இப்போது எடுங்கள். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் மாதக்கணக்கில் ஏரித்தண்ணீரில் விழுகிறது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. கடையில் மூட்டையாக வாங்கும் உரத்தில் இருப்பதும் இவைதான். மதகைத் திறந்தால் அந்தச் சத்துத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. அந்த வயலில் நத்தை, தவளை, பூச்சி, நண்டு பெருகுகிறது. நத்தைகுத்தி அங்கே போய் நத்தையைத் தின்று, ஏரிக்குத் திரும்பி வந்து குஞ்சுக்குக் கொடுக்கிறது, எச்சம் போடுகிறது. இந்தச் சுற்றை ஒரு வட்டமாகப் பிள்ளைகளே வரையட்டும்.

வயலில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அனுமதி கேட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். "ஐயா, இந்தத் தண்ணி பாயற வயலுக்கு உரம் எவ்வளவு போடுவீங்க?" என்று பிள்ளையே கேட்கட்டும். ஏரித் தண்ணீரிலேயே சத்து இருக்கு என்று அவர் வாயால் வரும்போது, அந்த ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் ஏன் போனார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். மீதிப் பாதி, ஊருக்கு வந்த உயிரை விரட்டக் கூடாது என்ற எண்ணம். அதை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் அழகாகச் சொல்வார்கள்.

இங்கே நின்றுகொண்டே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். சரணாலயம் என்பது வேலிக்குள் இருக்கும் ஏரி மட்டும் கிடையாது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கும் வயல், குளம், புறம்போக்கு எல்லாம் சேர்ந்ததுதான். 2020-ல் இந்த வட்டத்தைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். காரணம் எளிது. பறவை தூங்குவது ஏரியில், சாப்பிடுவது வெளியில். சாப்பிடும் இடத்தில் விஷம் கலந்தால் தூங்கும் இடத்தை எவ்வளவு காபந்து செய்தும் பிரயோஜனம் இல்லை.

படி 8: யார் உள்ளூர், யார் விருந்தாளி

"ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வந்து இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன" என்று செய்தியிலும் சொல்வார்கள், சில பாடக்குறிப்புகளிலும் பார்த்திருக்கிறேன். இது தப்பு, இதைத் திருத்தாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். மரங்களில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடா, நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, இராக்கொக்கு எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. மழையையும் இரையையும் பார்த்து நாட்டுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்கின்றன. வெகுதூரத்திலிருந்து, மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகளும் உள்ளான்களும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, முட்டையிட ஊருக்குத் திரும்பிவிடும்.

இந்த விருந்தாளிகளைப் பார்க்க வேடந்தாங்கலைவிடப் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலி ஏரி நல்லது. மரம் குறைவு, திறந்த நீர்ப்பரப்பு அதிகம், சேறும் ஆழமில்லாத ஓரமும் இருப்பதால் வாத்துக்கும் உள்ளானுக்கும் தோது. கூட்டமும் குறைவு. நேரம் இருந்தால் மதியத்துக்குள் ஒரு மணி நேரம் அங்கே போய்விட்டு வாருங்கள். ஏன் ஒரு ஏரியில் நாரை, இன்னொன்றில் வாத்து என்று கேட்டு விட்டுவிடுங்கள், காலையில் மரங்களைப் பார்த்த பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

படி 9: கோபுரம், சாயங்காலம், கிளம்புதல்

காட்சிக் கோபுரமும் உள்ளே இருக்கும் தகவல் பலகைகளும் கடைசியில். எல்லாம் பார்த்த பிறகு மேலேறினால், அதுவரை துண்டு துண்டாகப் பார்த்த கரை, மரம், வயல் எல்லாம் ஒரே படமாகத் தெரியும். நோட்டில் வரைந்த ஏரிப் படத்தை அங்கே வைத்துத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாயங்காலம் வரை இருக்க முடிந்தால் இருங்கள். நான்கு மணிக்கு மேல் இரை தேடப் போனவை எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். எந்தத் திசையிலிருந்து எத்தனை வருகிறது என்று பத்து நிமிடம் எண்ணினாலே எந்தப் பக்கம் நல்ல வயலும் நீரும் இருக்கிறது என்று ஊகிக்கலாம். எல்லாம் திரும்பும் அந்த நேரத்தில் இராக்கொக்குகள் மட்டும் எதிர்த்திசையில் கிளம்பும், அவற்றுக்கு இரவு ஷிப்ட். சின்னப் பிள்ளைகளோடு வந்திருந்தால் மதியமே கிளம்பிவிடுவது நல்லது, களைத்த பிள்ளையால் எதையும் பார்க்க முடியாது.

படி 10: திரும்பி வந்த பிறகு

மறுநாளே செய்துவிட வேண்டும், ஒரு வாரம் போனால் சூடு ஆறிவிடும். எல்லாக் குழுவின் கூட்டுக் குறிப்புகளையும் ஒரு நீளமான தாளில் நேர வரிசைப்படி ஒட்டுங்கள். எந்த நேரத்தில் அதிகம் இரை வந்தது, எந்தப் பறவை அதிக நேரம் கூட்டை விட்டுப் போனது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பார்த்த பறவைகளின் பட்டியலை எண்ணிக்கையோடு இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். கணக்கு தொடங்க காசு கிடையாது, ஏற்றும் பட்டியல் ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படும். ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல் நடந்துவருகிறது. பள்ளி வளாகத்திலோ வீட்டு மொட்டை மாடியிலோ பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, பட்டியலை ஏற்றினால் போதும், அதில் யாரும் கலந்துகொள்ளலாம். வேடந்தாங்கல் போவதற்கு முன்பே இதில் ஈடுபடுத்தினால் பிள்ளைகளுக்கு எண்ணும் பழக்கம் வந்துவிடும்.

பேசிய காவலருக்கும் விவசாயிக்கும் பிள்ளைகள் கையால் எழுதிய கடிதமும் ஒரு படமும் தபாலில் அனுப்புங்கள். அடுத்த வருடம் போகும்போது அந்தப் படத்தை அலுவலகச் சுவரில் பார்க்க நேரலாம்.

செங்கல்பட்டு தூரம் என்றால்

இதே படிகளை எந்தப் பறவை ஏரியிலும் செய்யலாம். நெல்லைக்காரர்களுக்குக் கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுகின்றன, வேடந்தாங்கலைவிடக் கிட்டத்தில் பார்க்கலாம். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, அந்த ஊரில் படி 7-க்கே ஒரு முழுக் காலை ஒதுக்கலாம். ஈரோட்டுக்கு வெள்ளோடு, திருவாரூருக்கு வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும், அரியலூருக்குக் கரைவெட்டி, ராமநாதபுரத்துக்குச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். சென்னைக்குள்ளேயே பாதி நாள்தான் கிடைக்கும் என்றால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கே கூடு கட்டும் மரங்கள் குறைவு, ஆகவே படி 6-ஐ மாற்றி, நீலத் தாழைக்கோழியையோ நாமக்கோழியையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது என்ன தின்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்க்கிறது, பக்கத்தில் வந்தவனை விரட்டுகிறதா என்று அதே ஒரு மணி நேரம் எழுத வையுங்கள்.